ரெய்கியும் ஆறு ஆதாரங்களும்

(கிளையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரெய்கி கற்றவர்கள் இந்தச் சபையிலேயே பத்துப் பதினைந்து பேராவது இருப்பீர்கள். 1990-களில் மும்பை, தில்லி, பெங்களூரு, புனே என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் சனி, ஞாயிறு வகுப்புகள் நடந்தன. முதல் நிலை, இரண்டாம் நிலை, மாஸ்டர் நிலை என்று சான்றிதழ் வாங்கி, ஃபிரேம் போட்டு மாட்டியவர்கள் உண்டு. இப்போதெல்லாம் ரெய்கி தனியாக வருவதே அபூர்வம். கூடவே ஏழு சக்கரம், ஏழு நிறம், ஏழு கல் என்று ஒரு பெரிய படம் சுவரில் தொங்குகிறது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இது நம்ம குண்டலினி யோகம்தானே மாமி? இங்கேயிருந்து போய் ஜப்பானைச் சுற்றித் திரும்பி வந்திருக்கு, அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் என்று நான் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் விஷயம் அப்படி இல்லை. நான் இரண்டையும் செய்கிறவள், சேர்த்தும் செய்கிறேன். எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்து சேர்த்தால்தான் எதை எது வரை நம்பலாம் என்பது பிடிபடும். அது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மாமியின் கதையைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

ரெய்கியை ஏற்படுத்தியவர் மிகாவோ உசுயி. 1865-ல் பிறந்தவர், 1926-ல் காலமானவர். கியோட்டோ நகருக்கு அருகில் உள்ள குராமா மலையில் 21 நாள் உபவாசம் இருந்து, அங்கே இந்த அனுபவத்தைப் பெற்றதாகச் சொல்வார்கள். 1922-ல் டோக்கியோவில் ஒரு சங்கம் ஆரம்பித்துச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த வருஷமே, 1923 செப்டம்பர் 1-ம் தேதி, டோக்கியோவைத் தரைமட்டமாக்கிய பெரும் பூகம்பம். அடிபட்டவர்களுக்கு அவர் ஓடி ஓடிச் சிகிச்சை செய்ததை, டோக்கியோவில் சைஹோஜி என்ற கோயில் வளாகத்தில் சீடர்கள் 1927-ல் எழுப்பிய நினைவுக் கல் சொல்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் கற்றார்கள் என்றும் அதில் இருக்கிறது. சக்கரம் என்ற பேச்சு அதில் கிடையாது.

அவருடைய சீடர்களில் ஒருவர் ஹயாஷி, ஓய்வு பெற்ற கடற்படை அதிகாரி. ஹவாய்த் தீவில் பிறந்த ஜப்பானியப் பெண்மணி ஹவாயோ தகாதா, 1935-ல் உடல்நலம் கெட்டு டோக்கியோ வந்து, ஹயாஷியின் சிகிச்சை நிலையத்தில் குணமடைந்து, அங்கேயே கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். மேல்நாட்டுக்கு ரெய்கி போனது இந்த அம்மாள் வழியாகத்தான். 1970-க்கும் 1980-க்கும் நடுவில் அவர் 22 பேரை மாஸ்டர் ஆக்கினார். ஒருவருக்குக் கட்டணம் பத்தாயிரம் டாலர். அந்தக் காலத்துப் பத்தாயிரம் டாலர்! உசுயி ஒரு கிறிஸ்தவக் கல்லூரி ஆசிரியர் என்று தகாதா அம்மாள் ஒரு கதையும் சொல்லிவந்தார். பின்னால் தேடிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல்லூரியில் அதற்கு எந்தப் பதிவும் கிடைக்கவில்லை. யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவில் ஒரு ஜப்பானிய வித்தையைப் பரப்ப அப்படி ஒரு கதை தேவைப்பட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

உசுயி முறையில் உடம்பைப் பார்க்கும் விதமே வேறு. நாபிக்குக் கீழே 'தாந்தென்' என்று ஓர் இடம். அதுதான் அவர்களுக்கு உயிர்ச்சக்தியின் இருப்பிடம். அதைத் தவிர, கையை மெதுவாக நகர்த்திக்கொண்டே போய், எங்கே சூடோ குறுகுறுப்போ தெரிகிறதோ அங்கே நிறுத்துவது. நான்கு இதழ், ஆறு இதழ் என்ற கணக்கு எதுவும் கிடையாது. சக்கரங்களைக் கொண்டுவந்து இதோடு ஒட்டியவர்கள் தகாதா அம்மாளுக்குப் பின் வந்த மேல்நாட்டு ஆசிரியர்கள். பெரும்பாலும் 1980-களில் நடந்தது அது.

நம்மவர்கள் முகம் வாடிவிட வேண்டாம். நேர்ச் சம்பந்தம் இல்லையே தவிர, தூரத்துச் சொந்தம் உண்டு. 'கி' என்று அவர்கள் சொல்வதும் நாம் பிராணன் என்பதும் ஏறக்குறைய ஒன்றே. உசுயி தவம் இருந்த குராமா மலைக் கோயில் அந்த நாளில் தெந்தாய் என்ற பௌத்தப் பிரிவைச் சேர்ந்தது. அந்தப் பிரிவிலும் ஷிங்கோன் பிரிவிலும் மந்திரம், முத்திரை, ஹோமம் மூன்றும் இன்றைக்கும் உண்டு. ஹோமத்தை 'கோமா' என்றே சொல்கிறார்கள். பீஜாக்ஷரங்களை 'சித்தம்' என்ற பழைய இந்திய எழுத்தில் எழுதுகிறார்கள். ரெய்கி இரண்டாம் நிலையில் தரும் மூன்று சின்னங்களில் ஒன்று, அமிதாப புத்தருக்கு உரிய 'ஹ்ரீ:' என்ற பீஜத்தின் வடிவத்தை ஒத்திருக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நம் சங்கத்தில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? 752-ல் நாரா நகரத்துப் பெரிய புத்தர் விக்கிரகத்துக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர். ஜப்பானியர்கள் அவருக்குக் கொடுத்த பட்டம் 'பரமோன் சோஜோ'. பரமோன் என்றால் பிராமணன். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பே நம்மவர் ஒருவர் வெளிநாட்டில் பெரிய பதவி வகித்திருக்கிறார். கிரீன் கார்டு கவலை இல்லாமல்!

இனி நம் பக்கம் வருவோம். சுவரில் தொங்கும் அந்த வானவில் படம், மூலாதாரம் சிவப்பு, ஸ்வாதிஷ்டானம் ஆரஞ்சு என்று ஆரம்பித்து உச்சியில் ஊதாவில் முடிகிறதே, அது நம் சாஸ்திரத்தில் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. சக்கரங்களைப் பற்றி இன்று உலகம் முழுவதும் பேசப்படுவதற்கு ஆதாரமான நூல் ஷட்சக்ர நிரூபணம். வங்காளத்துப் பூர்ணானந்தர் 1577-ல் எழுதியது. கல்கத்தா ஹைகோர்ட் நீதிபதி ஜான் உட்ராஃப் 1919-ல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அதில் மூலாதாரத்தின் பூதம் பிருதிவி, மண்டலம் மஞ்சள் நிறச் சதுரம். மணிபூரகத்தின் இதழ்கள் கார்மேக நிறம். அனாஹதத்தின் இதழ்கள் செவ்வண்ணம். படத்தில் இருப்பது போல் பச்சை இல்லை. 1927-ல் சென்னை அடையாறு தியசாபிகல் சொசைட்டியைச் சேர்ந்த லெட்பீட்டர், தான் ஞானக் கண்ணால் கண்டபடி என்று சொல்லி ஒரு புத்தகம் போட்டார். அதில் ஸ்வாதிஷ்டானத்தையே எடுத்துவிட்டு மண்ணீரலில் ஒரு சக்கரத்தை வைத்தார். வானவில் வரிசை அதற்கும் பின்னால், 1970-களில் அமெரிக்காவில் பரவியது. ஆக, கலிபோர்னியாவில் பூசிய வர்ணத்தை நாம் வேத காலத்து வர்ணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வானவில்லை விடுங்கள், நம் நூல்களே ஒரே மாதிரி சொல்வதில்லை. ஷட்சக்ர நிரூபணத்தில் ஸ்வாதிஷ்டானம் ஜலம், மணிபூரகம் அக்னி. ஸௌந்தர்யலஹரியில் ஒன்பதாவது சுலோகத்தைப் பாராயணம் செய்கிறவர்கள் கவனித்திருப்பீர்கள். அங்கே மணிபூரகத்தில் ஜலம், ஸ்வாதிஷ்டானத்தில் அக்னி. எது சரி என்று சண்டை போட இதில் ஒன்றும் இல்லை. உடம்பில் கல்லீரல் இந்த இடம், சிறுநீரகம் அந்த இடம் என்று சொல்வது போன்ற விவரம் இல்லை இது. உபாசனைக்காக, மனசு படிப்படியாக ஏறுவதற்காக, பெரியவர்கள் கட்டிக்கொடுத்த படிக்கட்டு. ஒரு சம்பிரதாயத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி.

ஆறு சக்கரங்களின் இதழ்களைக் கூட்டிப் பாருங்கள். நான்கு, ஆறு, பத்து, பன்னிரண்டு, பதினாறு, இரண்டு. மொத்தம் ஐம்பது. ஸம்ஸ்கிருத அக்ஷரங்களும் ஐம்பது. ஸ்ரீவித்யா பூஜை செய்கிறவர்கள் அந்தர்மாத்ருகா நியாஸத்தில் இந்த ஐம்பது அக்ஷரங்களை அந்த ஐம்பது இதழ்களில் ஒன்றொன்றாக வைப்பார்கள். உடம்பையே எழுத்துகளால் ஆன கோயிலாக ஆக்குவது. ஸஹஸ்ராரம் ஏழாவது சக்கரம் என்று வகுப்புகளில் சொல்கிறார்கள். நம் கணக்கில் ஆதாரம் ஆறுதான். திருமூலரும் ஆறாதாரம் பற்றியே பேசுகிறார். ஸஹஸ்ராரம் படிகளுக்கு மேலே இருக்கும் சந்நிதி.

இந்தப் பின்னணியில் ஒரு வார்த்தையைப் பாருங்கள்: 'அடைப்பு'. உங்கள் அனாஹதத்தில் அடைப்பு, விசுத்தியில் அடைப்பு என்று பென்டுலத்தைத் தொங்கவிட்டுச் சொல்கிறார்களே, அது. நம் நூல்களில் கிரந்தி என்ற முடிச்சுகள் சொல்லப்பட்டிருக்கின்றன. பிரம்ம கிரந்தி, விஷ்ணு கிரந்தி, ருத்ர கிரந்தி. அவை ஸாதகனின் மேல்நோக்கிய பயணத்தில் வரும் தடைகள். அவற்றை வைத்து வியாதிக்குக் காரணம் சொல்வதில்லை.

இப்போது அந்த மாமியின் கதை. பேர், ஊர் வேண்டாம். சபையில் சொல்லலாம் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார். வயது அப்போது ஐம்பத்தாறு. மார்பில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. யாரிடமும் சொல்லக் கூச்சம். ஆண் டாக்டரிடம் காட்ட வேண்டுமே என்ற எண்ணம் வேறு. அவர் போய்க்கொண்டிருந்த ஒரு ரெய்கி வகுப்பில் மட்டும் சொன்னார். "அனாஹதத்தில் அடைப்பு. யாரையோ மன்னிக்காமல் வைத்திருக்கிறீர்கள்" என்று பதில் வந்தது. நம் வீடுகளில் மன்னிக்காமல் வைத்திருக்க ஆளுக்கா பஞ்சம்? காலமாகிப் பதினோரு வருஷமான மாமியாரை மன்னிக்க எட்டு மாதம் முயற்சி செய்தார். பச்சைக் கல் ஒன்றை மார்பில் வைத்துக்கொண்டு தினம் ஒரு மணி நேரம். கட்டி கரையாததற்கும் அவர்மேலேயே குற்றம் வந்தது: "உள்ளுக்குள்ளே இன்னும் கோபம் இருக்கிறது." கடைசியில் மருமகள் கண்டுபிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனபோது, அக்குள் வரை பரவியிருந்தது.

அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு எல்லாம் ஆயிற்று. தெய்வாதீனமாக இன்று நம்மோடு இருக்கிறார். எட்டு மாதம் முன்பே போயிருந்தால் சிகிச்சை இவ்வளவு கடுமையாக இருந்திருக்குமா என்று டாக்டர் கேட்ட கேள்விக்கு அந்த வீட்டில் யாரிடமும் பதில் இல்லை.

கதையின் இரண்டாம் பாதியும் உண்டு. கீமோதெரபி நாட்களில் சாயங்காலம் நான் போவேன். தலைமுடி கொட்டிய தலையில் கை வைக்கட்டுமா என்று கேட்பேன். வை என்பார். கண் மேல், பக்கவாட்டில், பின் தலையில், பிறகு உள்ளங்காலில். முப்பது நிமிஷம். பேச்சு கிடையாது. மூன்று நாளாகத் தூங்காதவர், நான் கிளம்பும்போது குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். மருந்துக்கு மாற்றாக எட்டு மாதம் பாழாக்கிய அதே ரெய்கி, மருந்தின் பக்கத்தில் உட்கார்ந்தபோது நன்றாகவே வேலை செய்தது.

கையிலிருந்து சக்தி போகிறதா என்று இளைஞர்கள் கேட்பீர்கள். சோதித்திருக்கிறார்கள். ரெய்கிக்கு நெருங்கிய உறவான தெரபியூடிக் டச் என்ற முறையை அமெரிக்காவில் எமிலி ரோஸா என்ற ஒன்பது வயதுச் சிறுமி பள்ளிக்கூட அறிவியல் திட்டமாகச் சோதித்தாள். திரைக்குப் பின்னால் தன் கையை, அவர்களுடைய இரண்டு கைகளில் ஏதாவது ஒன்றின் மேல் தொடாமல் நீட்டுவாள். எந்தக் கையின் அருகில் என்று அவர்கள் சொல்ல வேண்டும். 21 பேர், 280 தடவை. சரியாகச் சொன்னது நூற்றுக்கு 44. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே ஐம்பது வரும். 1998-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையிலேயே அது வெளிவந்தது. 2008-ல் ரெய்கியையே சோதித்தார்கள். உடம்பு முழுவதும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் நூறு பேர். சிலருக்கு உண்மையான ரெய்கி மாஸ்டர்கள். சிலருக்கு மாஸ்டர் போல நடித்த நடிகர்கள். பலனில் வித்தியாசம் தெரியவில்லை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ரெய்கி உதவுமா என்று 2015-ல் காக்ரேன் அமைப்பு அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. மூன்று ஆய்வுகள், 124 பேர்தான் தேறினார்கள். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல அது போதாது என்று எழுதிவிட்டார்கள்.

அப்படியானால் அந்த மாமி எப்படித் தூங்கினார்? என் பதில் ரொம்பச் சாதாரணமானது. ஐம்பது வயதுக்கு மேல் நம் வீடுகளில் நம்மை யார் தொடுகிறார்கள், யோசித்துப் பாருங்கள். பிளட் பிரஷர் பார்க்கிறவர், ரத்தம் எடுக்கிறவர். வருஷத்துக்கு ஒரு தடவை வரும் பேரன் நமஸ்காரம் பண்ணும்போது காலைத் தொடுகிறான். மடி, ஆசாரம் என்று வளர்ந்த தலைமுறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வதற்குக்கூட ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. ரெய்கி அந்தக் காரணத்தைக் கொடுக்கிறது. ஒருவர் அரை மணி நேரம், டிவி இல்லாமல், செல்போன் இல்லாமல், நம்மையே நினைத்துக்கொண்டு வெதுவெதுப்பான கையை நம்மேல் வைத்திருக்கிறார். இது மருந்து இல்லைதான். ஆனால் வயதான தம்பதிகள் மட்டும் தனியாக இருக்கும் நம் ஃபிளாட்டுகளில் இது சின்ன விஷயமும் இல்லை.

தொடுவதற்கும் மந்திரத்துக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதும் அல்ல. ஸந்தியாவந்தனத்தில் ரிஷி, சந்தஸ், தேவதை சொல்லித் தலை, வாய், மார்பு தொடுகிறோம். கரநியாஸம், அங்கநியாஸம் செய்கிறோம். எத்தனை பேர் அந்த விரல் உடம்பில் படுவதைக் கவனிக்கிறோம்? ஆபீஸ் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் கொசு விரட்டுவது போல ஆகிவிடுகிறது. ரெய்கி செய்ய ஆரம்பித்த பிறகு என் கணவர் ஸந்தியாவந்தனத்துக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் இரண்டு மடங்காகிவிட்டது. ரெய்கியால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த லாபம் என்றால் அதைத்தான் முதலில் சொல்வேன்.

சேர்த்துச் செய்யும் முறைக்கு வருகிறேன். முதல் சிக்கல் வரிசை. ரெய்கியில் தலையில் ஆரம்பித்துக் கீழே வருவார்கள். யோகத்தில் மூலாதாரத்திலிருந்து மேலே ஏற வேண்டும். இது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. நியாஸத்தில் சிருஷ்டி கிரமம் தலையிலிருந்து பாதம் வரை, சம்ஹார கிரமம் பாதத்திலிருந்து தலை வரை என்று இரண்டும் இருக்கின்றன. ஆகவே பிறருக்குச் செய்யும்போது மேலிருந்து கீழே. எனக்கு நானே உட்கார்ந்து செய்யும்போது கீழிருந்து மேலே. சாஸ்திரம் இப்படிச் சொல்கிறது என்று யாரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். இது என் ஏற்பாடு.

பிறருக்குச் செய்யும்போது முதலில் அனுமதி கேட்க வேண்டும். புருஷனாக இருந்தாலும் சரி. கையை வெந்நீரில் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். படுக்க வைத்து ஒரு மெல்லிய போர்வை. கண்கள், கன்னப்பொட்டு, பின் தலை, கழுத்தருகில் என நான்கு நிலை. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிஷம். பிறகு மார்பு, வயிறு, நாபிக்குக் கீழே. இந்த இடங்களில் கையை இரண்டு அங்குலம் உயர்த்திப் பிடித்தாலே போதும். மடியில் இருக்கும் பாட்டிகளுக்கும் இப்படிச் செய்யலாம், ஆட்சேபம் வராது. கடைசியில் முழங்கால், பாதம். பாதத்தை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். முதியவர்களுக்கு அங்கேதான் அதிகம் பிடிக்கும்.

சக்கரம் இதில் எங்கே வருகிறது? கை கழுத்தருகில் இருக்கும்போது ஆகாசம், மார்பில் வாயு, வயிற்றில் அக்னி, அதற்குக் கீழே ஜலம், பாதத்துக்கு வரும்போது பிருதிவி என்று மனசில் நினைத்துக்கொள்கிறேன். மூலாதாரத்தில் கை வைக்கும் வழக்கம் எனக்கு இல்லை. அதற்குப் பதில்தான் பாதம். நிறம் எதுவும் நினைப்பதில்லை. பீஜாக்ஷரம் பிறருக்காக உச்சரிப்பதில்லை. உபதேசம் உள்ளவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்வது வேறு விஷயம். பென்டுலமும் கல்லும் என் வீட்டில் கிடையாது. எந்தச் சக்கரம் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் சொன்னதும் இல்லை. எங்கேயாவது கட்டியோ வீக்கமோ கையில் தட்டுப்பட்டால், அன்றைக்கே டாக்டரிடம் போகச் சொல்வேன். போனார்களா என்று மறுநாள் போன் பண்ணிக் கேட்பேன்.

சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை எதையும் ரெய்கி செய்கிறோம் என்பதற்காகக் குறைக்கக் கூடாது. கேன்சரையும் நீரிழிவையும் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954-ம் வருஷச் சட்டமே தடை செய்கிறது. யாராவது நோட்டீஸ் கொடுத்தால் அதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். இரண்டே நாளில் குண்டலினியை எழுப்பித் தருகிறோம் என்ற நோட்டீஸும் வருகிறது. காஷ்மீரத்து கோபி கிருஷ்ணா பதினேழு வருஷம் தியானம் செய்து, 1937-ல் அந்த அனுபவம் வந்தபோது, அதன் உஷ்ணம் தாங்காமல் வருஷக் கணக்கில் பட்ட பாட்டைத் தாமே புத்தகமாக எழுதியிருக்கிறார். இரண்டு நாள் வகுப்புக்குப் பணம் கட்டுமுன் அதைப் படிக்கலாம்.

தொலைதூர ரெய்கி பற்றி ஒரு மாமா சீட்டு அனுப்பியிருக்கிறார். நியூ ஜெர்சியில் இருக்கும் பிள்ளைக்கு இங்கிருந்து அனுப்பலாமா என்று. தாராளமாக. அதை நான் பிரார்த்தனையாக நினைத்துச் செய்கிறேன். பிரார்த்தனைக்குக் கட்டணம் கேட்கிறவர்களிடம் போக வேண்டாம். அனுப்பிவிட்டு அவனுக்கு ஒரு போனும் பண்ணுங்கள்.

நேரம் பன்னிரண்டு ஆகப் போகிறது. நாற்காலிகளைச் சற்று ஒதுக்கிக்கொண்டால், வந்திருக்கும் தம்பதிகளும், அம்மா பெண்களும், மாமியார் மருமகள்களும் இருவர் இருவராக உட்கார்ந்து அந்த முதல் நான்கு நிலைகளைச் செய்து பார்க்கலாம். விளக்கை அணைக்க வேண்டாம். மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.